லேசாத்தானே ஷாக் அடிக்குது?



நம் திருவரங்குளம் வட்டாரத்தில் ஒரு காலத்தில் குழு என்றால் கூட்டம், சந்தா, கடன், தவணை, அவ்வளவுதான். இன்றைக்கு அப்படி இல்லை. நம்மில் பலர் ஒரு கட்டடத்துக்குள் மெஷினோடு வேலை செய்கிறோம். மாவு மில் நடத்துகிறோம். மசாலா அரைக்கிறோம். உளுந்தும் பாசிப்பயறும் உடைத்துப் பாக்கெட் போடுகிறோம். தையல் கூடத்தில் பவர் மெஷின் ஓட்டுகிறோம். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பள்ளிக்கூடச் சமையலறையில் விடியற்காலை வேலை பார்க்கிறோம். வருமானம் கூடியிருக்கிறது, சந்தோஷம். கூடவே கரண்டோடு இருக்கிற நேரமும் கூடியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த இதழில் பேசப்போகிறோம்.

கூட்டத்தில் "உங்க கட்டடத்துல மின்சார ஆபத்து எதுவும் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றி, "கிரைண்டர் ஷாக் அடிக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். "அது லேசா ஜிவ்வுனு அடிக்கும்க்கா, செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியாது" என்பார்கள். "மழை பெய்ஞ்சா சுவத்துல கை வைக்க மாட்டோம்" என்பார் இன்னொருவர். சில இடங்களில் மெஷின் முன்னால் ஒரு மரப்பலகை கிடக்கும். எதற்கு என்று கேட்டால், அதன் மேல் நின்றுதான் அரைக்க வேண்டுமாம்! ஆபத்து இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அதனோடு குடித்தனம் நடத்தவும் பழகிவிட்டோம்.

லேசான ஷாக் என்று ஒன்று கிடையாது சகோதரிகளே. உள்ளே இருக்க வேண்டிய மின்சாரம் மெஷினின் இரும்பு உடம்புக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இன்றைக்கு அது லேசாகத் தெரிவதற்குக் காரணம் மெஷின் இல்லை, நீங்கள். உங்கள் கை காய்ந்திருக்கிறது, காலில் செருப்பு இருக்கிறது, தரை ஈரமில்லை. சித்திரை வெயிலில் கை வியர்த்திருக்கும்போதோ, ஐப்பசி மழையில் தரை நனைந்திருக்கும்போதோ அதே மெஷின் ஆளைக் கொன்றுவிடும். நமக்குத்தான் செருப்பு இருக்கிறது. அம்மாவோடு மாவு அரைக்க வந்து மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நம் வீட்டுக்கும் கடைக்கும் வருவது 230 வோல்ட். 40 வாட்ஸ் குண்டு பல்பு எரிய ஏறக்குறைய 170 மில்லி ஆம்பியர் மின்சாரம் வேண்டும். நம் உடம்புக்குள் 10 மில்லி ஆம்பியர் போனாலே கைத்தசை இறுகிவிடும், பிடித்ததை விட முடியாது. "கரண்டு இழுத்துப் பிடிச்சுக்கிச்சு" என்று சொல்கிறோமே, உண்மையில் கரண்டு பிடிப்பதில்லை, நம் கைதான் விட முடியாமல் பிடித்துக்கொள்கிறது. 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் மூச்சும் இதயமும் தடுமாற ஆரம்பிக்கும். 100 மில்லி ஆம்பியர் ஓரிரு நொடி போனால் இதயம் நின்றுவிடலாம். ஆக, ஒரு சின்ன பல்பு எரிகிற கரண்டில் ஆறில் ஒரு பங்கே ஆளை விழவைக்கப் போதும். கை, கால் இரண்டும் ஈரமாக இருந்தால் 200 மில்லி ஆம்பியருக்கு மேலேயே உடம்பு வழியாகப் போகும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் நம் நாட்டில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல்.

வரவு செலவு பார்க்கிற டிரிப்பர்

மெயின் பெட்டியில் "டிரிப்பர் இருக்கு, அதனால பயமில்லை" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதிலே இரண்டு வகை இருக்கிறது. பெயர்தான் குழப்பம். இரண்டையும் டிரிப்பர் என்றே சொல்கிறோம்.

முதல் வகை எம்.சி.பி. ஒயரில் அளவுக்கு மீறி கரண்டு போனாலோ, இரண்டு ஒயர் உரசி ஷார்ட் ஆனாலோ இது விழும். ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பது இதன் வேலை. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் கவனிக்கும். ஆளைக் கொல்ல 0.1 ஆம்பியர் போதும் என்று மேலே பார்த்தோம். நீங்கள் கரண்டில் மாட்டிக்கொண்டால் இந்த டிரிப்பருக்கு அது கண்ணிலேயே படாது.

இரண்டாவது வகை ஆர்.சி.சி.பி. பழைய ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள். மின்வாரியம் தன் விளம்பரங்களில் இதை உயிர்காக்கும் சாதனம் என்றே சொல்கிறது. இது எப்படி வேலை செய்கிறது என்று நம் குழுக் கணக்கை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஃபேஸ் ஒயரில் எவ்வளவு கரண்டு வெளியே போனதோ, அவ்வளவும் நியூட்ரல் ஒயரில் திரும்பி வர வேண்டும். போனது 100, வந்தது 100 என்றால் கணக்கு சரி. போனது 100, வந்தது 97 என்றால்? மீதி எங்கேயோ ஒழுகுகிறது. மெஷின் உடம்பு வழியாகவோ, ஈரச் சுவர் வழியாகவோ, நம்மில் ஒருத்தி உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது. ஆர்.சி.சி.பி. கறாரான கணக்காளர் மாதிரி இரண்டையும் ஒவ்வொரு நொடியும் ஒத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், கண் இமைக்கிற நேரத்துக்குள் பெட்டியை மூடிவிடும். ஷாக் அடிக்கும், ஆனால் உயிர் தப்பும்.

வாங்கும்போது அதன் முகப்பில் 30 மில்லி ஆம்பியர் என்று இருக்கிறதா பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் வேண்டும். ஒற்றை ஃபேஸ் கட்டடத்துக்கு இரண்டு முனை உள்ளது போதும். சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய் ஆகும், பொருத்துகிற கூலி தனி. மூன்று ஃபேஸ் மோட்டார் ஓடுகிற மில்லுக்கு நான்கு முனை உள்ளது வேண்டும். அது கூடுதல் விலை, எத்தனை ஆம்பியர் என்பதை மோட்டாரைப் பார்த்து உரிமம் உள்ள மின்பணியாளர் சொல்வார். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகளும் இப்படிப்பட்ட கசிவுக் காப்பு சாதனம் வேண்டும் என்கின்றன.

அதில் 'டி' என்று போட்ட சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்த வேண்டும். உடனே டப்பென்று விழுந்தால் நல்லது, திரும்பத் தூக்கிவிட்டு வேலையைப் பாருங்கள். விழவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா, மாற்றிவிடுங்கள். "நாம எதுக்கு கரண்டுப் பெட்டியில கை வைக்கணும், ஆம்பளைங்க வரட்டும்" என்று சிலர் தயங்குகிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டு ரோட்டில் போனார்கள். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. அந்த அம்மாக்களின் பிள்ளைகளான நமக்கு ஒரு பொத்தானை அழுத்தவா பயம்!

இன்னொன்றும் நடக்கிறது. மழைக்காலத்தில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். வேலை கெடுகிறதே என்று அதைக் கழற்றிவிட்டு ஒயரை நேராகக் கொடுத்துவிடுவார்கள். நாய் குலைக்குதுன்னு நாயை விரட்டிவிட்டுத் திருடனை உள்ளே விட்ட கதைதான் இது. அது விழுகிறது என்றால் எங்கேயோ கசிகிறது. எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எந்த மெஷினைப் போட்டதும் விழுகிறதோ அதுதான் திருடன். அதை ஓரமாக வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். எதையும் போடாமலேயே விழுந்தால் கோளாறு ஒயரிங்கில், மின்பணியாளர்தான் பார்க்க வேண்டும்.

இதுவும் எல்லாம் வல்லது இல்லை. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று இரண்டையும் சேர்த்துத் தொட்டால் போனதும் வந்ததும் சரியாகவே இருக்கும், கணக்காளருக்குச் சந்தேகம் வராது. அதனால் ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்று திறந்த ஒயரில் விளையாட வேண்டாம்.

எர்த்தும் நம் ஊர் மண்ணும்

மூன்று முள் பிளக்கில் மேலே தடிமனாக இருக்கிற முள்தான் எர்த். மெஷினின் இரும்பு உடம்பை மண்ணோடு இணைப்பது அது. மெஷினுக்குள் ஒயர் தேய்ந்து உடம்பில் கரண்டு வந்துவிட்டால், அது நம் வழியாகப் போகாமல் எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும். அதற்குத்தான் கட்டடத்துக்கு வெளியே குழி எடுத்து, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடுகிறார்கள்.

நம் பக்கத்து மண்ணில் இதற்கு ஒரு சிக்கல் இருக்கிறது. செம்மண்ணும் செம்பாறாங்கல்லும் கலந்த பூமி. மழைக்காலத்தில் ஈரம் இருக்கும். பங்குனி, சித்திரையில் காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிடும். காய்ந்த மண்ணில் கரண்டு சுலபமாக இறங்காது. அப்படி ஒரு எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர்தான் மண்ணுக்குப் போகும். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு விழாது, பழைய பீங்கான் பியூஸும் போகாது. மெஷின் உடம்பில் கரண்டு அப்படியே நின்றுகொண்டிருக்கும், மீட்டரும் ஓடிக்கொண்டிருக்கும். "எர்த் இருக்கே, அப்புறம் ஏன் ஷாக்?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். நம் மண்ணுக்கு எர்த்தும் வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். ஒன்று இருக்கிறது என்று மற்றதை விட முடியாது.

கோடையில் எர்த் குழிக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். பூச்செடிக்கு ஊற்றுகிற கையால் அதற்கும் ஊற்றினால் போதும். குழியிலிருந்து வரும் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கிறதா, ஆடு மாடு கட்டி இழுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். எர்த்தின் தடையை மீட்டர் வைத்து அளக்கலாம். வருஷம் ஒரு முறை, கோடையில் அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருந்தால் நல்ல எர்த்.

சில இடங்களில் எர்த் குழியே இருக்காது. பிளக் பெட்டிக்குள் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டு "எர்த் கொடுத்தாச்சு" என்பார்கள். இது எர்த் இல்லாததைவிட மோசம். என்றைக்காவது நியூட்ரல் ஒயர் அறுந்தால், அந்தப் பெட்டியில் மாட்டிய எல்லா மெஷினின் உடம்பிலும் 230 வோல்ட் வந்து நிற்கும்.

கட்டடத்தை ஒரு சுற்று வாருங்கள்

வேலை ஆரம்பிக்கும் முன்னால் ஒரு நாள், நான்கு பேர் சேர்ந்து கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். எதையும் தொட வேண்டாம். கண்ணும் மூக்கும் காதும் போதும்.

மெயின் பெட்டியிலிருந்து ஆரம்பியுங்கள். மூடி இருக்கிறதா? பீங்கான் பியூஸ் என்றால் அதில் என்ன கம்பி கட்டியிருக்கிறது? "மெல்லிசு கம்பி போட்டா அடிக்கடி போகுது" என்று தடிமனான செப்புக் கம்பியை நாலு சுற்று சுற்றியிருப்பார்கள். பியூஸ் என்பது நமக்காகச் சாகிற கம்பி. அது சாக மறுத்தால் வேறு எதுவோ சாகும். பெட்டி முன்னால் மூட்டை அடுக்கியிருந்தால் இன்றைக்கே நகர்த்துங்கள். அவசரத்துக்கு மெயினை ஆஃப் செய்ய மூட்டை மேல் ஏறியா போக முடியும்?

அடுத்து பிளக் பெட்டிகள். பிளக் இல்லாமல் இரண்டு ஒயர் முனையை ஓட்டைக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கியிருப்பதைப் பார்க்காத ஊர் உண்டா? ஒரு பிளக் இருபது முப்பது ரூபாய். மூன்று முள் பிளக்கின் மேல் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு ஓட்டைப் பெட்டியில் சொருகுவதும் அதே ரகம்தான், உடைத்தது எர்த்தை. பிளக்கைச் சுற்றிப் பழுப்பாகக் கருகியிருந்தாலோ, பிளாஸ்டிக் வாடை வந்தாலோ, சர்ரென்று சத்தம் கேட்டாலோ உள்ளே இணைப்பு தளர்ந்து சூடாகிறது. தீ விபத்து இப்படித்தான் மெதுவாகத் தொடங்கும்.

தையல் கூடங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுவரில் ஒரே ஒரு பிளக் இருக்கும். அதிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அந்த பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸ். அதில் மூன்று பவர் மெஷின், ஒரு ஃபேன், செல்போன் சார்ஜர், கடைசியில் 1,000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ். அயர்ன் மட்டுமே 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தாங்குவது 6 ஆம்பியர். ஒயரில் கரண்டு இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். அந்த ஒயர் ஓடுவதோ வெட்டுத்துணி குவிந்திருக்கிற தரையில். அயர்னுக்கும் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் சுவரிலேயே தனியாக 16 ஆம்பியர் பிளக் போட்டு, மெயினிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். வெட்டுத்துணியைச் சாயங்காலம் கூட்டி அள்ளாமல் பூட்ட வேண்டாம்.

மில்லிலும் மசாலாக் கூடத்திலும் எதிரி தூசி. மாவுத் தூசி சுவிட்சுக்குள் போய்ப் படியும், ஈரம் சேர்ந்தால் கரண்டைக் கடத்தும். மோட்டாரின் காற்று ஓட்டையை அடைத்துச் சூடேற்றும். வாரம் ஒரு நாள் மெயினை ஆஃப் செய்துவிட்டுக் காய்ந்த தூரிகையால் துடைக்க வேண்டும், ஈரத்துணி கூடாது. பயறு மூட்டை இருக்கிற இடத்துக்கு எலி வராமல் இருக்காது. எலி ஒயரைக் கடிக்கிறது. மூட்டைக்குப் பின்னால், கூரை ஓரத்தில், மோட்டார் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கடித்த இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டுவதைவிட, அந்த ஒயரை எடுத்துவிட்டுப் புது ஒயரைப் பைப்புக்குள் விட்டுப் போடுவதுதான் சரி.

சமையலறையில் பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கை எட்டும் தூரத்தில் சுவிட்ச் இருக்கக் கூடாது. கிரைண்டரைக் கழுவும் முன்னால் சுவிட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருந்தால், ஆஃப் செய்த பிறகும் மெஷினுக்குள் கரண்டு இருக்கும்.

மேலே பாருங்கள். ஷீட்டில் ஓட்டை இருந்து மழைத்தண்ணீர் சுவர் வழியாக சுவிட்ச் பெட்டிக்கு இறங்குகிறதா? நம் பகுதியில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தது நமக்கு மறக்காது. கம்பங்கள் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்டு இல்லாமல் கிடந்தோம். கரண்டு வந்ததும் கையில் கிடைத்த ஒயரை, கிடைத்த ஆளை வைத்து, முறுக்கி ஒட்டி வேலையை ஓட்டினோம். அன்றைக்கு அது நியாயம். அன்றைக்குத் தற்காலிகமாகப் போட்ட ஒட்டு இன்றைக்கும் அப்படியே இருக்கிற கட்டடங்கள் உண்டு. புயலுக்குப் பிறகு ஒயரிங் மாற்றாத கட்டடம் என்றால் அதை முதலில் பாருங்கள்.

புயல் நேரத்தில் ஜெனரேட்டர் வைத்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியதும் ஞாபகம் இருக்கும். ஜெனரேட்டர் ஒயரைச் சுவரிலுள்ள பிளக்கில் சொருகிக் கட்டடத்துக்குக் கரண்டு கொடுக்கிற வேலையை யாரும் செய்யக் கூடாது. அந்தக் கரண்டு மீட்டர் வழியாக வெளியே ஏறிக் கம்பத்துக்குப் போகும். கரண்டு இல்லை என்று நம்பிக் கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனைக் கொல்லும். இடையில் மாற்று சுவிட்ச் போட்டால்தான் ஜெனரேட்டரை இணைக்கலாம்.

வெளியே வாருங்கள். துணி காயப்போட ஜி.ஐ. கம்பி கட்டியிருப்பீர்கள். அதன் ஒரு முனை சர்வீஸ் ஒயர் வருகிற இரும்புப் பைப்பிலோ மின்கம்பத்திலோ கட்டியிருந்தால் உடனே மின்வாரியத்திடம் சொல்லி அவிழ்க்கச் சொல்லுங்கள், மெயினை ஆஃப் செய்தாலும் சர்வீஸ் ஒயரில் கரண்டு இருக்கும். ஈரச்சேலை, இரும்புக் கம்பி, தேய்ந்த சர்வீஸ் ஒயர் மூன்றும் சேர்ந்து நம் மாநிலத்தில் எத்தனையோ வீட்டில் ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவர் என்று அடுத்தடுத்து உயிரை எடுத்திருக்கிறது. நைலான் கயிறு கட்டினால் போதும்.

மாடியில் வற்றலும் அப்பளமும் காயப்போடுகிற குழுக்கள் மின்கம்பியின் தூரத்தைக் கவனிக்க வேண்டும். 11,000 வோல்ட் லைன் கட்டடத்துக்கு மேலே போனால் 3.7 மீட்டர் உயரத்திலும், பக்கவாட்டில் போனால் 1.2 மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும் என்பது விதி. இரும்பு ஏணி, அலுமினியத் துரட்டி, பேனர் சட்டம் எதையும் அதன் பக்கம் தூக்காதீர்கள். தஞ்சாவூர் பக்கத்துக் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை, அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு.

"ஒரு நாள் தானே"

கண்காட்சி, ஆண்டு விழா, குழுக் கட்டடத் திறப்பு விழா என்றால் சீரியல் லைட், மைக் செட், பந்தல் எல்லாம் வரும். ஒரு நாள் வேலைக்கு யாரும் ஒயரைப் பார்ப்பதில்லை. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் முகூர்த்த நேரத்தில், வீடியோ எடுக்கப் போட்ட விளக்கின் மின் இணைப்பிலிருந்து கிளம்பிய தீ, மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் பிடித்தது. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்று போட்ட ஒயரும் ஒரு காலை நேரத்துக்கு என்று போட்டதுதான். பந்தலில் ஒயர் கீற்றோடு உரசக் கூடாது, ஒட்டுப் போட்ட ஒயர் வேண்டாம், ஜனங்கள் வெளியேற இரண்டு வழி வேண்டும். பந்தல்காரரிடமும் மைக் செட்காரரிடமும் இதைப் பேசி முடித்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

யாருக்காவது அடித்துவிட்டால்

பதறிப்போய் ஆளைத் தொடாதீர்கள். நம் கை முதலில் போக வேண்டியது மெயின் சுவிட்சுக்கு. அதனால்தான் அதன் முன்னால் மூட்டை வேண்டாம் என்றோம். மெயினை எட்ட முடியவில்லை என்றால், காய்ந்த மரப்பலகை மேலோ பிளாஸ்டிக் ஸ்டூல் மேலோ நின்றுகொண்டு, காய்ந்த கம்பாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ ஆளை ஒயரிலிருந்து தள்ளிவிடுங்கள். ஈரக்கம்பு, இரும்பு எதுவும் கூடாது. இது வீட்டுக் கரண்டுக்கு மட்டும். ரோட்டு லைன் அறுந்து விழுந்திருந்தால் கிட்டவே போகக் கூடாது, கம்பால்கூடத் தொடக் கூடாது. சுற்றியுள்ள தரையிலேயே கரண்டு இருக்கும், பத்து மீட்டராவது தள்ளி நின்று மற்றவர்களையும் தடுத்துக்கொண்டு மின்வாரியத்துக்குப் போன் செய்யுங்கள்.

ஆளை விடுவித்ததும் கூப்பிட்டுப் பாருங்கள். பேச்சில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் ஒருவர் 108-க்குப் பேசட்டும், இன்னொருவர் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் ஒரு கை மேல் மறு கையை வைத்து, முழங்கையை மடக்காமல், 5 சென்டிமீட்டர் இறங்கும்படி வேகமாக அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆம்புலன்ஸ் வரும்வரை விடக் கூடாது, கை சோர்ந்தால் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். வெளியே சின்னப் புண்தான் தெரியும், உள்ளே இதயத்தின் துடிப்பு கெட்டிருக்கலாம்.

கரண்டுத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மெயினை ஆஃப் செய்து மணல் போடுங்கள். இரண்டு வாளி மணலுக்குச் செலவு ஏது?

யாரிடம் கேட்பது, பணம் எங்கே

மீட்டர் வரைக்கும் வருகிற லைன் மின்வாரியத்தின் பொறுப்பு. தொங்குகிற லைன், சாய்ந்த கம்பம், தேய்ந்த சர்வீஸ் ஒயர் பற்றி 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் எந்த நேரமும் புகார் சொல்லலாம். மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், புகார் எண்ணைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். மீட்டருக்கு உள்ளே இருப்பதெல்லாம் கட்டடத்துக்காரர் பொறுப்பு. ஊராட்சிக் கட்டடம் என்றால் ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கும் மனுக் கொடுங்கள், கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். இப்போது வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. வாடகைக் கட்டடம் என்றால் ஒப்பந்தம் எழுதும்போதே எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் யார் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

டெஸ்டர் வைத்துப் பார்ப்பது, பொத்தான் அழுத்துவது, எர்த்துக்குத் தண்ணீர் ஊற்றுவது நம் வேலை. ஒயரிங் நம் வேலை இல்லை, "ஊர்ல ஒரு தம்பி பார்ப்பான்" என்கிற தம்பியின் வேலையும் இல்லை. மின் உரிம வாரியத்தின் சான்று உள்ளவரா என்று கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. டெஸ்டர் பற்றியும் ஒரு வார்த்தை. மெஷின் உடம்பில் வைத்து அது எரிந்தால் ஆபத்து உறுதி. எரியவில்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

பணத்துக்கு வருவோம். பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் ஆளுக்கு 200 ரூபாய் போட்டால் ஒரு ஆர்.சி.சி.பி. வந்துவிடும். குழுவின் லாபத்தில் இருந்தும் எடுக்கலாம். இதைக் கடனாக எழுதாமல் பராமரிப்புச் செலவாகத் தீர்மானம் போட்டு எழுதுங்கள் என்பது எங்கள் யோசனை. புது மெஷின் வாங்கக் கடன் கேட்டு வருகிற குழுவிடம், மெஷின் விலையோடு எர்த் குழிக்கும் இந்தச் சாதனத்துக்கும் மதிப்பீடு சேர்த்திருக்கிறதா என்று கூட்டமைப்பில் கேட்க வேண்டும். அரவை மெஷினுக்குப் பல ஆயிரம் கடன் கொடுத்துவிட்டு இதைக் கேட்காமல் விடுவது சரியில்லை.

எல்லா உறுப்பினரும் வங்கிக் கணக்கு வழியாகப் பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா திட்டத்தில் இருக்கிறீர்களா என்றும் இந்த மாதக் கூட்டத்தில் ஊக்குநர்கள் பாருங்கள். வருஷத்துக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். காப்பீட்டு வருஷம் ஜூன் 1-இல் தொடங்குகிறது, மே மாதக் கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாவிட்டால் தானாக விட்டுப்போகும்.

அந்தக் கூட்டத்திலேயே ஒரு அட்டையில் மின்னகம் 94987 94987, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, உங்கள் கட்டடத்தின் மின் இணைப்பு எண், ஒவ்வொரு மாதமும் பொத்தான் அழுத்த வேண்டியவர் பெயர் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். ஷாக் அடிக்கிற மெஷின் ஏதாவது இருந்தால், அதன் பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுருட்டிக் கட்டி, "ஓட்டக் கூடாது" என்று சீட்டு ஒட்டுங்கள். மரப்பலகையை எடுத்து அடுப்பில் வைத்துவிடலாம்.